உழவுத் தொழிலாளரும் சுகாதார ஊழியரும்

(காங்கேயத்தில் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊராட்சிக் கூட்டம் என்றால் சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வாய்க்கால் என்று பேசிப் பழகியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் இவற்றுள் எதுவும் அன்று. இவை யாவற்றையும் உண்டாக்குகின்ற உழைப்பாளியின் உடம்பைப் பற்றியது இப்பேச்சு.

நமது காங்கேயம் சீமை மழை குறைந்த சீமை. கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களை நிழலுக்கு விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்துக் கொறங்காடாக நிலத்தைக் காத்தவர்கள் நம் முன்னோர். அந்தப் புல்லில் வளர்ந்த காளை நாடெங்கும் பெயர் பெற்றது. காளையைப் பேணுவதில் நமக்கு ஈடு இல்லை. அது தீவனம் குறைத்தால் அன்றே அறிகிறோம். காலை ஊன்றி நடக்காவிட்டால் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால் அதே காட்டில் களை எடுக்கும் அம்மாளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பதை எத்தனை ஆண்டு கழித்து அறிகிறோம்? பல நேரங்களில், கையும் காலும் விழுந்த பிறகே அறிகிறோம். இந்த நிலையை மாற்றுவதற்கு ஓர் ஏற்பாடு நம் ஊரிலேயே இருக்கிறது. அது உழவுத் தொழிலாளரிடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை, எப்படிச் சேர்ப்பது என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

பூட்டிய வீடு

எங்கள் பணியின் நிமித்தம் ஓர் ஊராட்சிக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள சுகாதாரத் தன்னார்வலரின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். தலைவீதியில் உள்ள வீடுகளுக்கு எதிரே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொடுத்த மாத்திரை எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் வந்ததும், ஒரு வரிக்குக் கீழே ஒரு வரியாக, "வீடு பூட்டி இருந்தது" என்றே எழுதியிருந்தது. அந்த அம்மையார் பொய் எழுதவில்லை. அவர் போனது காலை பத்து மணிக்கு. அந்த வீட்டார் ஆறரை மணிக்கே தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு காட்டு வேலைக்கும் களத்துக்கும் போய்விட்டார்கள். வேலையைச் செய்தவர் மீதும் குற்றம் இல்லை. வேலைக்குப் போனவர் மீதும் குற்றம் இல்லை. நேரம் பொருந்தவில்லை; அவ்வளவுதான். அந்தப் பொருத்தமின்மையால், யாருக்கு முதலில் கிடைக்க வேண்டுமோ அவர்களுக்கே ஒன்றும் கிடைக்காமல் போயிற்று.

அன்று மாலை ஏழு மணிக்கு அவரோடு நாங்களும் அக்குடியிருப்புக்குச் சென்றோம். திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு அவர் கருவியைக் கட்டத் தொடங்கியதும், அழைக்காமலே பலர் வந்து கூடினார்கள். அவர்களுள் ஓர் அம்மாள், தலைசுற்றல் தமக்கு இரண்டு வருடமாக இருப்பதாகவும், அது வெயிலால் வருவது என்று எண்ணி வெங்காயத்தைத் தட்டி முகர்ந்துகொண்டு வேலை செய்து வந்ததாகவும் கூறினார். கருவி காட்டிய அளவு வேறு செய்தி சொல்லிற்று. மறுநாள் காலை அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றார். ஒரு நாள் கூலி போயிற்று. உயிர் காக்கப்பட்டது என்றே எண்ணுகிறோம்.

இந்த ஊழியர்கள் யார்?

1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, கிராமத்து மக்களை மருத்துவம் தேடிச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தியது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வட்டாரந்தோறும் வளர்ச்சி அலுவலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றின. ஆகவே, வட்டார வளர்ச்சி அலுவலர் சுகாதாரம் பற்றிப் பேசுவது புதிய வழக்கம் அன்று.

மகாராஷ்டிரத்தில் ஜாம்கேடு என்னும் வறண்ட பகுதியில், 1970ஆம் ஆண்டு முதல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் ஒரு வழி காட்டினர். எழுத்தறியாத கிராமப் பெண்களையே அவ்வவ்வூரார் தேர்ந்தெடுக்க, அவர்களுக்குப் பயிற்சி தந்து சுகாதார ஊழியராக்கினர். சீனாவில் 1960களில், பாதி நேரம் வயலில் உழைத்துப் பாதி நேரம் மருத்துவப் பணி செய்த கிராமத்தார் "வெறுங்கால் மருத்துவர்" எனப்பட்டனர். அமெரிக்காவிலும், பழத் தோட்டங்களுக்குப் பருவந்தோறும் வரும் மெக்சிகத் தொழிலாளருக்கு, அவர்களுள் ஒருவரையே பழக்கிச் செய்தி சொல்லச் செய்கிறார்கள். 1978இல் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, இத்தகைய ஊழியரின் பணியை அடிப்படை மருத்துவத்தின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டது. தேசங்கள் வேறானாலும் கண்ட உண்மை ஒன்றே: அறிந்த முகம் சொல்லும் சொல்லே ஏறும்.

நம் மாநிலத்தில் துணை சுகாதார நிலையத்தில் பணிபுரியும் கிராம சுகாதார செவிலியரை அறியாதவர் இல்லை. ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் அவர் கவனித்து வருகிறார். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் வழியாக, மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து சுகாதாரத் தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மருத்துவர் எழுதிய மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியன இவர்கள் பணி. 2024ஆம் ஆண்டில் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. அதே ஆண்டு சனவரியில் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று பணியிடங்களுக்கும் இது விரிந்தது. தொழிற்சாலைக்கு ஒரு வாயில் உண்டு. அங்கே போய் நின்றால் தொழிலாளர் யாவரையும் காணலாம். உழவுத் தொழிலாளியின் தொழிற்சாலைக்கு வாயில் இல்லை. இன்று ஒருவர் தோட்டம், நாளை மற்றொருவர் தோட்டம். அதனால்தான் ஊராட்சியின் துணை இங்கே தேவைப்படுகிறது.

சொல்லும் முறை

செய்தியைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. கேட்டவர் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். நல்ல ஊழியர்களிடம் நாங்கள் கண்ட முறை மூன்று பகுதிகளை உடையது. முதலில் கேட்பது, பிறகு காட்டுவது, முடிவில் அவரையே சொல்லச் சொல்வது. ஒரு தன்னார்வலர் களத்து மேட்டில் அமர்ந்து, "ஏனுங்கக்கா, இந்த மாத்திரையை எப்பொச் சாப்புடுவீங்க? நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டார். "தலை சுத்துனாச் சாப்புடுவனுங்க" என்று பதில் வந்தது. தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் நாள்தோறும் உண்ண வேண்டிய மாத்திரை அது! அக்கேள்வியைக் கேட்டிராவிட்டால், மாத்திரை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அவர் போயிருப்பார். நோய் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

மேலும், ஒரு நாளைக்கு ஒரு செய்தியே போதும். பருவத்தை ஒட்டி அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயிலைப் பற்றியும், பயிருக்கு மருந்தடிக்கும் காலத்தில் நஞ்சைப் பற்றியும், ஐப்பசி மழையில் பாம்பையும் காய்ச்சலையும் பற்றியும் சொன்னால் அச்சொல் மனத்தில் நிற்கும். ஒருவருடைய நோயை மற்றவர் காதுபட உரைத்தலாகாது. அச்சுறுத்தலும் ஏளனமும் கூடா. இனி, உழவுத் தொழிலாளர் கட்டாயம் அறிய வேண்டிய செய்திகள் மூன்றினைச் சற்று விரித்துக் கூறுவோம்.

வெயில்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கடும் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருக வேண்டும். நீர்மோர், உப்பிட்ட கம்மங்கூழ் ஆகியவை நம் ஊர் அறிந்த நல்ல துணைகள். வயிற்றுப்போக்கால் நீர் வற்றினால், சுகாதார நிலையத்தில் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் குடிக்கலாம். அது கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலை தட்டி அளந்து கலந்துகொள்ளலாம். வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ, நினைவு தடுமாறினாலோ, அது உயிருக்கு ஆபத்தான நிலை. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் தெளித்து விசிறி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

இங்கே தாய்மார்கள் சொல்லத் தயங்கும் ஒன்றை நாங்கள் சொல்லிவிடுகிறோம். காட்டு வேலைக்கு வரும் பெண்கள் பலர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதே காரணம். "தண்ணீர் குடி" என்று அவர்களுக்குப் போதித்துப் பயன் என்ன? மறைவிடம் அமைத்துக் கொடுப்பதே அங்கே சரியான சுகாதாரப் போதனை.

இது சிறு செய்தி அன்று. 2023ஆம் ஆண்டில் நம் மாநிலத்தின் ஐந்து வேளாண் மண்டலங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உழவுத் தொழிலாளரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஐவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் காணப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் உடம்பு வற்றுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவ உலகம் ஐயுறுகிறது. தொடக்கத்தில் இந்நோய்க்கு வலி இல்லை. சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தாலன்றித் தெரியாது.

நஞ்சு

பயிருக்குத் தெளிப்பதை நாம் "மருந்து" என்கிறோம். நோய்க்கு உண்பதையும் "மருந்து" என்கிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் அச்சம் நீங்கிவிட்டது. தெளிப்பது நஞ்சு என்றே ஊழியர் கூற வேண்டும். டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தின் நிறத்தைக் காட்டினால் எழுத்தறியாதவரும் அறிந்துகொள்வர். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சே.

காற்றுக்கு எதிரே நின்று தெளித்தல் கூடாது. வெறுங்கையால் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் அந்தப் பக்கமே வரலாகாது. காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொண்டு வைக்கும் பழக்கம் சில சாளைகளில் இன்றும் உண்டு. அதை அடியோடு விட வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். உட்கொண்டவரை வாந்தி எடுக்கச் செய்யாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க மருந்தைத் தர முடியும்.

உழவர் பெருமக்களே, தெளிக்காமலிருக்க இயலுமாயின் அதுவே முதல் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டு முதல் நம் தென்னைகளைத் தாக்கி வரும் சுருள் வெள்ளை ஈக்குப் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம், அது அந்த ஈயைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளையே கொல்லும் என்று வேளாண் அறிஞர்களே கூறுகிறார்கள். கொப்பரைக் களங்களில் கந்தகப் புகை போடுமிடத்தில், அப்புகையை மூச்சில் இழுப்பவர் தொழிலாளியே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பாம்பு

கிளுவை வேலியும் கல்லடுக்கும் தென்னை மட்டைக் குவியலும் பாம்புக்கு உறைவிடம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்து பயன்படுகிறது. அம்மருந்து செய்ய வேண்டிய நஞ்சை, 1978இல் செங்கற்பட்டுப் பகுதியில் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக நம் மாநிலம் அறிவித்தது.

கடித்த இடத்துக்கு மேலே இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல் இவை யாவும் தீங்கு. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, படுத்த நிலையில் தூக்கிச் செல்ல வேண்டும். மந்திரிப்பவர் வீட்டில் கழியும் ஒரு மணி நேரம் திரும்பி வராது. கட்டுவிரியன் கடித்தால் வீக்கமோ வலியோ மிகுதியாக இராது. சாளையில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, இமை தூக்க முடியவில்லை என்றால், பாம்பைக் காணாவிடினும் ஐயுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரவில் மடை திருப்பப் போகிறவர் கையில் டார்ச் விளக்கும் தடியும் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து வந்தோர்

நமது அரிசி ஆலைகளிலும் தேங்காய்க் களங்களிலும் வட மாநிலத்துத் தொழிலாளர் பலர் வேலை செய்கிறார்கள். நம் மொழி அவர்களுக்குப் புரியாது. அவர்களுள் தமிழ் சற்றே கற்ற ஒருவரைக் கண்டுபிடித்து, ஊழியரோடு இணைத்துவிடுங்கள். அவர் வாய்மொழியாகச் சொல்வது நூறு சுவரொட்டிக்குச் சமம்.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வளவு நேரம் ஊழியரின் கடமையைக் கூறினோம். இனி நம் கடமையைக் கூற வேண்டும். இதில் தவறினால், எத்துணை நல்ல ஊழியரும் பூட்டிய கதவின்முன் நின்று திரும்புவார்.

முதலாவது, நேரம். தொழிலாளர் குடியிருப்புக்கு மாலை வேளையிலோ, வேலைக்குப் புறப்படும் முன்போ ஊழியர் செல்ல ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். இருட்டில் அவர் தனியே போகாதபடி ஊரார் ஒருவர் துணை செல்லட்டும். ஊரக வேலைத் திட்டப் பணியிடத்தில் காலையில் வருகை பதியும் நேரம் பலரும் கூடும் நேரம். அங்கே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, தோட்டத்துக்காரர்கள் தரும் அனுமதி. ஊழியர் காட்டுக்கு வந்தால் முகம் சுளிக்காமல் வேலையாட்களை அழைத்து உட்கார வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்யாதீர்கள். சுகாதார நிலையத்துக்குப் போன நாளில் கூலி போனால், அடுத்த முறை அவர் போகமாட்டார்.

மூன்றாவது, தண்ணீரும் நிழலும் மறைவிடமும். நான்கு கம்பும் பழைய தார்ப்பாயும் இருந்தால் மறைவிடம் ஆயிற்று. தண்ணீர்ப் பானை ஒன்றாகவும், குவளை எல்லார்க்கும் பொதுவாகவும் இருக்கட்டும். இன்னார்க்கு இன்ன குவளை என்று ஒதுக்கி வைப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மனச்சாட்சியின் முன்னும் குற்றம். அவ்வாறே, எந்தத் தெருவையும் ஒதுக்காமல் எல்லாத் திண்ணைகளிலும் உட்கார்ந்து வேலை செய்பவரே சுகாதார ஊழியர். அவரை எவரும் தடுக்கலாகாது.

நான்காவது, கணக்கு. ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு ஒன்று அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. அது கூடும்போது, எத்தனை பேரைப் பார்த்தோம் என்று கேட்பதோடு நிற்காமல், யாரைப் பார்க்கவில்லை என்றும் கேளுங்கள். "வீடு பூட்டி இருந்தது" என்ற வரிகளை எண்ணிப் பாருங்கள். அந்த எண் மாதந்தோறும் குறைகிறதா என்பதே உங்கள் ஊராட்சியின் சுகாதாரத்துக்கு உண்மையான அளவுகோல்.

பெரியோர்களே, இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி தேவையில்லை. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாத்திரை துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவரும் பெண்மணி உங்கள் ஊரிலேயே குடியிருக்கிறார். அதை வேண்டி நிற்பவர் உங்கள் தோட்டத்திலேயே வேலை செய்கிறார். இவ்விருவரும் சந்திக்க ஒரு வேளையையும் ஓரிடத்தையும் உண்டாக்குவதே நம் பொறுப்பு. வரும் வாரத்திலேயே அவரவர் ஊரில் அந்த நாளைக் குறியுங்கள். எங்கள் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். நாங்களும் வந்து திண்ணையில் உட்காருவோம்.